ஊர் ரெண்டுபட்டால்தானே கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

கேள்வி: ரஷ்யாவும் சீனாவும் அந்தக் காலத்திலிருந்தே தோழர்கள்தானே, இப்போது மட்டும் அமெரிக்கா ஏன் பதறுகிறது? (மதுரை வாசகர்)

தோழர்களா? 1969 மார்ச்சில் எல்லையில் ஓடும் உசூரி ஆற்றுக்கு நடுவே இருக்கிற ஒரு பொட்டுத் தீவுக்காக இரண்டு பேரும் சுட்டுக்கொண்டார்கள். இரு தரப்பிலும் சிப்பாய்கள் செத்தார்கள், இருவரிடமும் அணுகுண்டும் இருந்தது. பங்காளிச் சண்டை எவ்வளவு மோசமானது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! அமெரிக்கா இதைச் சரியாக மோப்பம் பிடித்தது. 1971 ஜூலையில் பாகிஸ்தானுக்குப் போன அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர், வயிறு சரியில்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டு ரகசியமாக பீஜிங் பறந்தார். அடுத்த பிப்ரவரியில் அதிபர் நிக்சனே போய் சீனத் தலைவர் மாவோவிடம் கைகுலுக்கினார், இத்தனைக்கும் தைவானில் இருந்த அரசைத்தான் சீனா என்று அப்போதும் அங்கீகரித்திருந்தது அமெரிக்கா. மாஸ்கோவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதே வருடம் மே மாதம் அங்கேயும் நிக்சனுக்கு வரவேற்பு, அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து. இருவர் சண்டையில் மூன்றாமவர் இரண்டு பக்கமும் காரியம் சாதித்தார். இப்போது அந்தச் சண்டை இல்லை, பதற்றம் அதனால்தான்.

கேள்வி: சண்டை எப்படித் தீர்ந்தது? (சேலம் வாசகர்)

எல்லைத் தகராறை 2004 ஒப்பந்தத்தோடு பேசி முடித்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய பசை, அமெரிக்காவே தடவியது. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நெருக்கினால் அவர்கள் வேறு எங்கே போவார்கள்? 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா பிடித்ததும் மேற்கு நாடுகள் தடை போட்டன, இரண்டே மாதத்தில் சீனாவுக்கு 30 வருடம் எரிவாயு கொடுக்க சுமார் 40,000 கோடி டாலர் ஒப்பந்தம் தயார். 2022 பிப்ரவரி 4ஆம் தேதி ரஷ்ய அதிபர் புதினும் சீன அதிபர் ஷியும் ‘எல்லையில்லா நட்பு’ என்று அறிக்கை விட்டார்கள், இருபதாவது நாள் உக்ரைன் போர். ரஷ்யாவின் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின, ஆள் சுருண்டுவிடுவார் என்று நினைத்தார்கள். 2023இல் ரஷ்ய–சீன வர்த்தகம் 24,000 கோடி டாலரைத் தாண்டியது!

ஒன்றைக் கவனியுங்கள், கிரிமியா ரஷ்யாவுடையது என்று சீனா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. போருக்குப் படையும் அனுப்பவில்லை. எண்ணெய் வாங்குகிறது, கார், இயந்திரம், மின்னணுச் சாமான் விற்கிறது, அவ்வளவுதான். அந்த அரைகுறை உதவியே போதும், அமெரிக்கத் தடை பாதி செத்துப்போகிறது. மேற்கு நாடுகளின் நேட்டோ மாதிரி ராணுவக் கூட்டணி கட்டினால்தான் ஆபத்து என்று வாஷிங்டனில் நினைத்திருந்தால், அது தப்புக் கணக்கு.

கேள்வி: இதில் எங்கள் பனியனுக்கு ஏன் அடி விழுந்தது? (திருப்பூர் வாசகர்)

நியாயமான கோபம். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. ரஷ்யக் கச்சா எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்குகிற சீனாவுக்கு அந்த அபராதம் போடவில்லை. ஏன்? அந்த ஏப்ரலில் சீனாவுக்கு 145 சதவீதம் வரை வரியை ஏற்றிப் பார்த்தார்கள், சீனா, மின்மோட்டார், மின்னணுச் சாமான்களுக்குத் தேவையான அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, மே மாதமே சமரசம். நம்மிடம் அப்படி நிறுத்திவைத்து மிரட்ட ஒரு சரக்கு இல்லை, அப்புறம் என்ன, அடி நமக்கு விழுந்தது.

கேள்வி: நிக்சன் செய்ததைத் திருப்பிச் செய்து, ரஷ்யாவைச் சீனாவிடமிருந்து பிரிக்க முடியாதா? (கோவை வாசகர்)

நிக்சன் சண்டையை உண்டாக்கவில்லை ஐயா, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததில் குளிர் காய்ந்தார். இன்று இருப்பது பேரம் மட்டும்தான். இரண்டாவது எரிவாயுக் குழாய்க்கு 2025 செப்டம்பரில் கையெழுத்துப் போட்டபோதுகூட விலை படியவில்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்கிறது சீனா, முறைத்துக்கொண்டே பேரம் பேசுகிறது ரஷ்யா. ஆனால் கடையை விட்டு இருவருமே எழுந்து போகவில்லை.