முகத்தை இறுக்கிக்கொள்ளும் தேர்வாளர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேர்முகத் தேர்வுக்காக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாரக்கணக்கில் படிக்கிறேன். அங்கே போனதும் நெஞ்சு படபடக்கிறது, தெரிந்த விடையே மறந்துவிடுகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்கிறார் அண்ணன். கைபேசியில் மூளைப் பயிற்சி விளையாட்டுகள் ஆடினால் அது வளருமா?

கே.

அன்புள்ள கே.,

ஆடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள். அதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணனின் தீர்ப்புதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. கவனத்தைச் சிதறாமல் நிறுத்துவது, வேண்டாத எண்ணத்தை ஒதுக்குவது, கேள்வியை நினைவில் வைத்தபடியே விடையைக் கோப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியான முன்மூளைப் புறணியின் வேலை. திடீர் நெருக்கடியில் நோரட்ரீனலின், டோபமின் என்னும் மூளை வேதிப்பொருள்கள் அளவுமீறும்போது எளிதில் தடுமாறுவதும் அதே பகுதி. காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டு, திருடனை ஏன் பிடிக்கவில்லை என்று அதட்டுகிறார் உங்கள் அண்ணன். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அச்சத்தைத் தணிக்கும் சிந்தனை முறையைக் கற்றுக்கொண்டவர்கள்கூட, மறுநாள் மன அழுத்தத்தை வரவழைப்பதற்காகப் பனிக்கட்டி நீரில் கையை அமிழ்த்தச் செய்த பிறகு அதைப் பயன்படுத்த முடியாமல் திணறினார்கள். இதில் உங்களை மட்டும் கோழை என்று எப்படிச் சொல்வது?

சில காலம் நானும் தேர்வாளர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சிரிக்கவே மாட்டார். "நெருக்கினால்தான் சரக்கு தெரியும்" என்பார். தன் ஆய்வேட்டின் தலைப்பையே மறந்து விழித்த ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே 'தகுதியில்லை' என்று எழுதினார். வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு சோதனை முறை 1993இல் வெளியானது. வேலைக்கு விண்ணப்பித்தவரைப் போல ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. எதிரே இருப்பவர்கள் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. திறமையை அளக்க உண்டாக்கியது அல்ல இது. மனிதரிடம் மன அழுத்தத்தை வரவழைக்கவே உண்டாக்கியது. உலகெங்கும் ஆய்வகங்கள் இதைக் கையாள்கின்றன. அந்தப் பெரியவரோ இதையே செய்துவிட்டு, கிடைத்த பதற்றத்துக்குத் தகுதி மதிப்பெண் போட்டார். இன்றும் போடுகிறார்கள். நெருக்கடியே தொழிலாக உள்ள வேலை என்றால் சரி. கணக்கு எழுதும் வேலைக்கு எதற்கு?

உங்களையும் கண்டிக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு படித்ததைத் தயாரிப்பு என்று சொல்லாதீர்கள். பேச வேண்டிய இடத்துக்குப் பேசித்தான் பழக வேண்டும். அண்ணனை எதிரே உட்கார வைத்து, உரக்கப் பதில் சொல்லுங்கள். முகத்தை இறுக்கிக்கொள்ள அவருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.