மாலத்தீவில் கைக்குழந்தையோடு நான்கு இரவுகள்: முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகளும் ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். வரும் பிப்ரவரியில் என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு மாலத்தீவில் நான்கு இரவுகள் தங்கலாம் என்று எண்ணம். டிராவல் ஏஜென்ட் ஒருவர் கடலுக்கு மேலே கட்டிய வாட்டர் வில்லா ஒன்றுக்கு விலை கொடுத்திருக்கிறார். காலை உணவும் இரவு உணவும் அதில் சேர்த்தி. விமானம் மாலை நான்கரை மணிக்கு மாலேயில் இறங்கும், அங்கிருந்து கடல்விமானத்தில் தீவுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்கிறார். விலை நியாயமாகத்தான் தெரிகிறது. முன்பணம் கட்டலாமா? (வாசகி, மதுரை)

பதில்: இந்த ஏற்பாட்டுக்கு இப்போது கட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் என்னைக் கவலைப்படுத்துவது விலை இல்லை, அந்த நான்கரை மணிதான். மாலத்தீவில் கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். குடிநுழைவுச் சோதனை, பெட்டிகள், கடல்விமான முனையத்துக்குப் பேருந்து, அங்கே எடை பார்ப்பது என்று எல்லாம் முடிய வேண்டியிருப்பதால், பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு இறங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைக்கு இடம் கிடைப்பதில்லை. நான்கரைக்கு இறங்கும் உங்கள் குடும்பம் அன்றிரவை மாலேயிலோ அதன் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓட்டலில் கழிக்க நேரிடும். அந்த ஓட்டல் செலவு உங்களுடையது. தீவில் வீணாகும் முதல் இரவின் வாடகையும் உங்களுடையதுதான்.

இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் விமானம் தாமதமாகி மூன்றே முக்காலுக்கு இறங்கியது. முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி விமானம் புறப்பட்டிருந்தது. மறுநாள் காலை எடைமேடையில் பெட்டிகளை வைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது: ஆளுக்கு 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான் அனுமதி. டயப்பர் கட்டுகளும் பால்மாவு டப்பாக்களும் அடைத்த எங்கள் பை கூடுதல் கட்டணத்தில் போய் நின்றது. அதோடு, எங்கள் மகளுக்கு இரண்டு வயது நிறைந்து பதினோரு நாள் ஆகியிருந்ததால் குழந்தைக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலான இடங்களில் இரண்டு வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முன்பதிவு செய்யும் நாளின் வயதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, பயண நாளின் வயதைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் மகனுக்கு ஒன்றரை வயது என்பதால், பயணத்தைத் தள்ளிப்போட நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள்.

கடல்விமானம் குழந்தைகளுக்கு வேடிக்கைதான், ஆனாலும் பதினைந்து பேர் அமரும் அந்தச் சிறு விமானத்தில் கழிப்பறை கிடையாது, இறக்கைகளில் சுழலும் விசிறிகளின் இரைச்சல் பெரியவர்களுக்கே காதை அடைக்கும், போகும் வழியில் வேறு தீவுகளிலும் இறக்கி ஏற்றுவார்கள், புறப்படும் நேரமும் முந்தைய நாள்தான் உறுதியாகும். சிறு குழந்தைகளும் வயதானவரும் இருக்கும் உங்கள் குடும்பத்துக்கு, விமான நிலையத்திலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணிக்குள் போய்விடக்கூடிய தீவாகத் தேடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. படகு இருட்டிய பிறகும் போகும். பிப்ரவரியில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமாதலால் கடலும் பொதுவாக அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை போகிறவர்களுக்கு இதை இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். ஒன்றரை வயதுக் குழந்தையின் அளவுக்கு மிதவைச் சட்டை படகில் உண்டா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த வாட்டர் வில்லா. படத்தில் அழகாகத் தெரியும் மரத்தளத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் தளம், தளத்தின் ஓரத்தில் படிக்கட்டு, நான்காவது ஐந்தாவது படியில் கடல். பல இடங்களில் தளத்தைச் சுற்றி முழுக் கைப்பிடிச் சுவர் கிடையாது, படிக்கு மறிப்புக் கதவும் கிடையாது. இதனால்தான் சில தீவுகளில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இவ்வகை அறைகளைத் தருவதே இல்லை. வேறு சிலவற்றில், விபத்து நேர்ந்தால் விடுதி பொறுப்பல்ல என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். உங்கள் ஏஜென்ட் பிள்ளைகளின் வயதை விடுதிக்குத் தெரிவித்தாரா என்று கேளுங்கள். தெரிவிக்காமல் பதிவு செய்திருந்தால், அங்கே போய் நிற்கும்போது அறை மறுக்கப்படலாம். எப்படியானாலும், தவழ்வதும் ஓடுவதுமான வயதில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான்கு நாளும் அந்தக் கதவையே காவல் காப்பதை ஓய்வு என்று சொல்ல முடியாது. மணலில் கட்டிய பீச் வில்லா கேளுங்கள். தனி நீச்சல்குளம் இல்லாததாகக் கேளுங்கள்.

தீவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சிறு சோதனை செய்யலாம். பவளப்பாறை கரைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதை விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். முகமூடி அணிந்து மீன் பார்க்க வருகிறவர்களுக்கு அது பெருமைதான். குழந்தைகளுக்கோ, பாறை விளிம்புக்கு அப்பால் கடல் திடீரென்று ஆழமாகும் இடம் கரைக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். செயற்கைக்கோள் வரைபடத்தில் தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையைச் சுற்றி வெளிர்நீலம் அகலமாகப் பரந்திருந்தால் அது ஆழமில்லாத மணற்பாங்கான காயல். கருநீலம் கரையை ஒட்டியே தொடங்கினால் அந்தத் தீவு வேண்டாம். காயலிலும் நீரோட்டம் உண்டு என்பதால், எந்தப் பக்கத்தில் குழந்தைகள் இறங்கலாம் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி விலை. ஏஜென்ட் கொடுத்த தொகைக்கு அருகே இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைமேல் சுற்றுலாப் பொருள் சேவை வரியும் தனி. 2025 ஜூலை முதல் இந்த வரி 17 சதவீதம். ஆகவே 100 டாலர் என்று காட்டியது பில்லில் 128.70 டாலராக வரும். பசுமை வரி வேறு உண்டு. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விலக்கு. உங்கள் குடும்பத்தில் மகனைத் தவிர நால்வருக்கு, நான்கு நாள் கணக்கில் 192 டாலர். மாமியாருக்கு மூன்றாம் நபர் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

காலையும் இரவும் மட்டும் உணவு என்பது, குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு மலிவாகத் தெரிந்து அதிகமாக முடியும் ஏற்பாடு. ரிசார்ட் தீவில் வெளியே கடை கிடையாது. மதியச் சாப்பாடு, இடைவேளைப் பால், ஒரு தட்டுப் பழம் எல்லாமே அந்த விடுதியின் விலையில்தான், அந்த வரிகளோடுதான். மூன்று வேளையும் சேர்ந்த விலையைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பல ரிசார்ட்டுகள் பெற்றோர் எடுக்கும் அதே உணவுத் திட்டத்தைச் சிறுவர்களுக்கு இலவசமாகத் தருகின்றன. குழைந்த சாதம், பருப்பு, தயிர் தினமும் கிடைக்குமா, அறையில் கெட்டில் உண்டா என்பனவற்றையும் கேட்கத் தயங்க வேண்டாம். பல சமையற்கூடங்களில் இந்தியச் சமையற்காரர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள். பால்மாவையும் டயப்பரையும் தீவுக் கடையை நம்பி விட்டுப் போகாதீர்கள்.

மருத்துவர் தீவிலேயே தங்கியிருக்கிறாரா என்பது, என் பார்வையில், இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால், கடல்விமானத் தீவில் விடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். படகுத் தீவிலிருந்து மாலேயின் மருத்துவமனைக்கு இரவிலேயே போகலாம். அவசர மருத்துவப் போக்குவரத்தையும் ஈடுசெய்யும் பயணக் காப்பீடு ஐவருக்கும் எடுங்கள். மாலத்தீவில் டெங்கு உண்டு என்பதால் கொசு விரட்டியும் தேவை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கடுமை. வெண்மணல் அதை முகத்தில் திருப்பியடிக்கும். பத்து மணி முதல் நான்கு மணி வரை பிள்ளைகளை நிழலில் வைத்திருங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் இமுகா என்ற பயணி அறிவிப்பை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

கேள்வி: ரிசார்ட் எங்கள் சக்திக்கு மீறியது. மாஃபுஷி போன்ற உள்ளூர் மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லத்தில் மூன்று வயதுப் பையனோடு தங்குவது சரிப்படுமா? (வாசகர், திருச்சி)

பதில்: தாராளமாகச் சரிப்படும். சில வகைகளில் ரிசார்ட்டைவிட வசதி. தெருவில் மளிகைக் கடை, மருந்துக் கடை, உணவகங்கள் இருக்கும். ஐம்பது அறைகளுக்கு மேற்படாத விருந்தினர் இல்லங்களில் பசுமை வரியும் பாதி, அதாவது 6 டாலர். குறையையும் சொல்லிவிடுகிறேன். நீச்சல் உடையில் குளிப்பதற்கு ஒதுக்கிய கடற்கரை ஒரு பகுதிதான், அது கூட்டமாக இருக்கும். கடற்கரைக்குப் போகும் தெருவில் தோளும் முழங்காலும் மூடிய உடை அணிவது அங்கே மரியாதை. அரசுப் படகுச் சேவை வெள்ளிக்கிழமை பெரும்பாலும் இயங்காது என்பதால், அன்று வந்து சேரும்படியோ திரும்பும்படியோ பயணத்தை அமைத்தால் தனியார் விரைவுப் படகுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பீச் வில்லா என்று சொல்லிப் பணம் வாங்கிய சென்னை ஏஜென்ட், அங்கே போனபோது கடற்கரையிலிருந்து தள்ளியிருந்த சாதாரண அறையைத்தான் எங்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார். கைக்குழந்தையோடு வேறு வழியில்லாமல் வித்தியாசத் தொகையை நாங்களே கட்டினோம். வெளிநாட்டில் நடந்ததற்கு இங்கே வழக்குப் போட முடியாது என்கிறார். உண்மையா? (வாசகர், சேலம்)

பதில்: உண்மையில்லை. நீங்கள் பணம் கொடுத்தது அவரிடம், ஒப்பந்தம் நடந்தது இங்கே. சொன்ன அறையை ஏற்பாடு செய்யாதது அவருடைய சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம். அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. சேவைக்காகக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும், 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும்.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல ஏஜென்டுகள் அந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். பிறகு பதிவுத் தபாலில் அவருக்கு ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். பீச் வில்லா என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்தி உங்கள் கைப்பேசியிலேயே அழியாமல் இருக்கட்டும், படமெடுத்து வைத்தால் மட்டும் போதாது. விடுதி கொடுத்த முன்பதிவுச் சீட்டில் அறையின் வகை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதில் சாதாரண அறை என்றே இருந்தால், தவறு விடுதியிடம் இல்லை, ஏஜென்டிடம்தான் என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சி. நீங்கள் கட்டிய வித்தியாசத் தொகையின் ரசீது இல்லையென்றால் இன்றே விடுதிக்கு மின்னஞ்சல் எழுதி நகல் கேளுங்கள். நாளாக ஆக அதை வாங்குவது கடினமாகும்.