நெடியில்லாத பிளீச்சிங் பவுடரும் நீலமாகாத உப்பும்

கேள்வி: சம்ப் தொட்டிக்காக உதிரியாக ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கினேன். பிரித்தால் நெடியே இல்லை. ஈர மணல்போலக் கட்டிகட்டியாக இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், “கழிவறை கழுவும் ஆசிட் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், வேகம் வந்துவிடும்” என்கிறார். சுண்ணாம்பைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாரா? (சென்னை வாசகர்)

பதில்: ஆசிட் யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். சேர்த்தால் வேகம் வரும் என்பது உண்மைதான்; அந்த வேகத்தின் பெயர் குளோரின் வாயு. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, பள்ளம் பார்த்து இறங்கித் தங்கும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மன் படை இதைத் திறந்துவிட்டபோது, பதுங்குகுழிகளில் இருந்தவர்கள்தான் அதிகம் அகப்பட்டார்கள். உங்கள் சம்பும் ஒரு பள்ளம்தான். அதற்குள் ஓர் ஆளை இறக்கிவிட்டு மேலிருந்து ஆசிட் ஊற்றச் சொல்லும் கடைக்காரரிடம் நான் உப்புகூட வாங்கமாட்டேன். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களையும் பிளீச்சிங் பவுடர் பக்கம் கொண்டுவரக் கூடாது.

இனி ஏமாற்றா என்ற கேள்வி. நீற்றுச் சுண்ணாம்பின் மேல் குளோரினைச் செலுத்திச் செய்வதுதான் பிளீச்சிங் பவுடர். புதிய சரக்கில் எடைக்கு மூன்றில் ஒரு பங்கு பயன்படும் குளோரின் இருக்கும். வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டால் அது மெல்ல மெல்லப் போய்விடும். மிஞ்சுவது சுண்ணாம்புத் தூளும் கால்சியம் குளோரைடும். கால்சியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உங்கள் பொட்டலம் கட்டிதட்டியது அதனால்தான். கலப்படம் என்று அடித்துச் சொல்ல முடியாது. செத்த சரக்கு என்று சொல்லலாம். பணம் போனது இரண்டிலும் ஒன்றுதான்.

பொட்டலத்தில் இன்னமும் குளோரின் இருக்கத்தான் செய்கிறது, குளோரைடாக. பிறகு ஏன் கிருமியைக் கொல்லாது? புளோரின், குளோரின், புரோமின், அயோடின் நான்கும் ஹாலஜன் என்ற ஒரே குடும்பம். (ஐந்தாவதான அஸ்டட்டின் கதிரியக்கத்தால் சிதைந்துகொண்டே இருப்பது, எந்தக் கடையிலும் கிடைக்காது.) இவற்றின் அணுக்களின் வெளிக்கூட்டில் ஏழு எலெக்ட்ரான்கள். எட்டாவது ஒன்று கிடைத்தால் அடங்கிவிடும். கிடைக்கும்வரை எதிர்ப்பட்டதிடமிருந்தெல்லாம் பறிக்கும். கிருமியின் உடலிலிருந்து பறித்தால் கிருமி சாகிறது, துணியின் சாயத்திலிருந்து பறித்தால் துணி வெளுக்கிறது, நம் நுரையீரலிலிருந்து பறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதுதான். பறித்து முடித்த குளோரின்தான் குளோரைடு. சாப்பாட்டு உப்பில் பாதிக்கு மேல் எடை அதுதான். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆகவே எந்தப் பொருளை வாங்கினாலும் அதில் குளோரின் இருக்கிறதா, அயோடின் இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்வி. பசியோடு இருக்கிறதா, பசி அடங்கி இருக்கிறதா என்பது மீதிப் பாதி.

அடுத்த முறை தயாரிப்புத் தேதி அச்சிட்ட, காற்றுப் புகாத சிறு பாக்கெட்டாக வாங்குங்கள். தெளிந்த நீருக்கு 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, கடையில் கிடைக்கும் குளோரின் சோதனைக் கிட்டால் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். எஞ்சவில்லை என்றால் பவுடர் சொத்தை, அல்லது தொட்டியில் இருக்கும் அழுக்கே குளோரினைத் தின்றுவிட்டது. பழைய பொட்டலத்தைப் பில்லோடு திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பில் வாங்கவில்லை என்றால் உங்கள் மேலும் கொஞ்சம் தவறு இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம் என்றார்கள். நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். போதுமா, வடிகட்டி வாங்க வேண்டுமா? பற்பசையிலும் புளோரைடு இருக்கிறதே? (தருமபுரி வாசகி)

பதில்: கொதிக்கவைப்பது இதற்கு உதவாது, தண்ணீர் ஆவியாக ஆக, புளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். குழாய் நீரின் குளோரின் நெடி கொதித்தால் போய்விடுகிறதே என்று நினைப்பீர்கள். அது பசியோடு கரைந்திருக்கும் குளோரின், அதனால் வெளியேறுகிறது. புளோரினோ இந்தக் குடும்பத்திலேயே பெரும் பறிகாரன். எலெக்ட்ரானைப் பிடித்துப் புளோரைடானபின் விடவே விடாது. புளோரினைத் தனியே பிரித்தெடுக்க 1886 வரை, பிரான்சின் ஆன்றி முவாசான் வரும்வரை, ஒருவராலும் முடியவில்லை.

இதே காரணத்தால் கடையில் காட்டும் வடிகட்டிகளில் பாதி உங்களுக்கு வீண். கரி வடிகட்டி குளோரினைப் பிடிக்கும், புளோரைடைக் கோட்டைவிடும். புற ஊதா விளக்கு கிருமிக்கு மட்டும். உங்களுக்கு வேண்டியது ஆர்.ஓ. அல்லது கிளர்வூட்டிய அலுமினா உள்ள வடிகட்டி. அதையும் வாங்குமுன் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைச் சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாவிட்டால் உச்சவரம்பு 1.5. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதை வைத்துக்கொண்டு, கிணற்று நீரைக் குளிக்கத் துவைக்கப் பயன்படுத்தலாம். அந்தத் திட்டமே இந்தப் புளோரைடுத் தொல்லைக்காக வந்ததுதான்.

பற்பசையில் புளோரைடு 1,000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) மேல் கூடாது என்பது இந்திய விதி. அளவு டியூபில் அச்சிட்டிருக்க வேண்டும். பல் எனாமலில் புகுந்து அமிலத்தைத் தாங்கும் வலிமையை அது தருகிறது. பெரியவர்கள் துப்பிவிடுகிறோம், கவலையில்லை. விழுங்கும் வயதுப் பிள்ளைகள்தான் பிரச்சினை. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு என்பது பொதுவான பரிந்துரை; விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலையலையாகப் பிழிவது பற்பசை விற்கத்தான். உங்கள் பகுதி நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்குப் புளோரைடு இல்லாத பற்பசை வேண்டுமா என்பதைப் பல் மருத்துவரிடம் நீர்ச் சோதனைத் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: அயோடின் உப்பு என்று போட்டிருக்கிறது. சோற்றுக் கஞ்சியில் கலந்து பார்த்தேன், நீலமாகவில்லை. போலியா? இதற்கு இந்துப்பே மேல் இல்லையா? (திருச்சி வாசகர்)

பதில்: உங்கள் சோதனை உப்புக்குப் பொருந்தாது. மாவுச்சத்தை நீலமாக்குவது தனித்த அயோடின். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் ஒரு சொட்டைக் கஞ்சியில் விட்டால் கருநீலமாகும், பாருங்கள். அதில் வைட்டமின் சி மாத்திரைக் கரைசலை ஊற்றினால் நிறம் மறைந்துவிடும். அயோடினுக்கு எலெக்ட்ரான் கிடைத்து அயோடைடாகிவிட்டது. சட்டையில் பட்ட அதன் கறைக்கும் இதே வைத்தியம்தான்.

நம் நாட்டு உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட், அதாவது ஆக்சிஜனோடு பிணைந்த அயோடின். அயோடின் இந்தக் குடும்பத்தில் பிடிமானம் குறைந்தது. அயோடைடாகச் சேர்த்தால் ஈரமும் வெப்பமும் பட்டு எலெக்ட்ரானை இழந்து, அயோடினாகிப் பறந்துவிடும். அயோடேட் நம் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் வெறும் கஞ்சியை நீலமாக்காது. சோதனைக் கிட்டில் அமிலமும் அயோடைடும் சேர்த்துத்தான் நீலம் வரவைக்கிறார்கள். கடையில் உங்கள் கைக்கு வரும்போது அயோடின் 15 பிபிஎம்முக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது விதி. மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள், அடுப்போரம் வேண்டாம்.

இந்துப்பு பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்த்ததாக உறையில் எழுதியிருந்தாலொழிய அதை நம்பி, அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலையைத் தடுக்க முடியாது. நிறத்துக்காக நாலு மடங்கு விலை கொடுப்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: வண்டியின் ஹாலஜன் பல்பை வெறுங்கையால் தொடாதே என்கிறார் மெக்கானிக். ஷாக் அடிக்குமா? (மதுரை வாசகர்)

பதில்: ஷாக் இல்லை. உள்ளே சிறிது புரோமினோ அயோடினோ இருக்கும். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை அது பிடித்துத் திரும்ப இழையிலேயே சேர்க்கிறது. அதற்குக் கண்ணாடி கடுமையாகச் சூடாக இருந்தாக வேண்டும். விரலின் எண்ணெய் பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி வெடிப்பு விடும். காகிதத்தால் பிடித்து மாட்டுங்கள். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.