பிளேன்டீ வேணாங்குற கூட்டாளி

கேள்வி: அண்ணே, என்கூட ஏஎல் பயோ படிக்கிற கூட்டாளி மோர்மன் சபையில சேர்ந்துட்டான், பிளேன்டீ கூட தொடமாட்டேங்குறான். பரிணாமமும் படிச்சிக்கிட்டு அந்த மதத்துலயும் இருக்க ஏலுமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: ஏலும் தம்பி. மோர்மன்னா அமெரிக்காவுல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச ஒரு கிறிஸ்தவ சபை. ஹென்றி ஐரிங்னு பெரிய கெமிஸ்ட், ரசாயன மாற்றம் என்ன வேகத்துல நடக்கும்னு கணக்குப் போடுற தியரிய 1935ல குடுத்தவரு, சாகுற வரைக்கும் மோர்மன்தான். பரிணாமம் சரியா பிழையான்னு சபை இன்னிக்கு அதிகாரபூர்வமா ஒண்ணும் சொல்றதில்ல, யூட்டாவுல அவங்களோட பிரிகாம் யங் யூனிவர்சிட்டியிலயே அத படிப்பிக்கிறாங்க.

உண்மையான சிக்கல் வேற எடத்துல இருக்கு. இஸ்ரேல்ல இருந்து போன குடும்பந்தான் அமெரிக்க பழங்குடிகளோட முக்கிய மூதாதைங்கனு அவங்க வேதமா வச்சிருக்குற மோர்மன் புத்தகத்தோட முன்னுரையில இருந்திச்சி, ஆனா டிஎன்ஏ பாத்தா அவங்க பெரும்பாலும் ஆசியாவுல இருந்து போனவங்க, அதுக்கப்புறம் 2006ல அந்த வரிய "மூதாதைகள்ல ஒரு பகுதி"ங்குற மாதிரி மாத்துனாங்க. ஆதாரத்தப் பாத்து வரிய திருத்துறது எனக்கு நல்ல விஷயமாத்தான் படுது, ஆனாலும் கேள்வி முடியல.

தேயிலை தடை 1833ல ஜோசப் ஸ்மித் சொன்ன "சூடான பானம்"ங்குறதுல இருந்து வந்தது, அத சபை தேத்தண்ணியும் கோப்பியும்னுதான் எடுத்துக்குது. அதே எடத்துல சொன்ன புகையில விஷயத்துல சயின்ஸ் அவங்க பக்கம், தேத்தண்ணியில இல்ல. நம்ம அம்மாமாரு மழையில நனைஞ்சி பறிச்ச கொழுந்து, வேணாம்னா மனசு வலிக்கத்தான் செய்யும், ஆனா வற்புறுத்தாதீங்க. வீட்டுக்கு வந்தா இஞ்சியும் கொத்தமல்லியும் அவிச்சி குடுங்க, அதுக்கு தடையில்ல.