ஒபாமாகேர் மானியச் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

கேள்வி இது: "காப்பீட்டு மானியம் ஒன்றுக்காக அமெரிக்க அரசாங்கமே 43 நாள் முடங்கிக் கிடந்ததே, அப்படி என்னதான் பிரச்சினை? எந்தக் கட்சி சொல்வது சரி?"

நான் டெக்சாஸில் சிறுதொழில் செய்பவர்களுக்கு வருமான வரிக் கணக்கு போட்டுத் தருகிறேன். கேஸ் ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள், டிரக் ஓட்டுபவர்கள், சின்ன உணவகம் நடத்துபவர்கள், வீட்டிலிருந்தே ஒப்பந்த வேலை செய்பவர்கள் என்று பலரும் வருவார்கள். இந்தச் சண்டையின் அடி விழுவது பெரும்பாலும் இவர்கள் மேல்தான். அதனால் இதை வெறும் கட்சி விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை. என் பதில் இப்போதே: மானியத்தை நிறுத்தியது தவறு. ஆனால் மானியம் ஏன் இவ்வளவு பெரிதாகத் தேவைப்படுகிறது என்ற கேள்வியை இரண்டு கட்சிகளுமே தொடவில்லை.

முதலில் எதற்காகச் சண்டை என்று பார்ப்போம். 2010ல் ஒபாமா கையெழுத்திட்ட, ஒபாமாகேர் என்று அழைக்கப்படும் சட்டத்தின்படி, வேலையிடத்தில் காப்பீடு கிடைக்காதவர்கள் அரசு நடத்தும் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். வருமானத்தைப் பொறுத்து பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசு வரிச் சலுகையாகக் கொடுக்கும், இதுதான் அந்த மானியம். இந்தச் சலுகைக்கு ஒரு வரம்பு இருந்தது: வறுமைக் கோட்டின் நான்கு மடங்குக்கு மேல் வருமானம் போனால் ஒரு பைசா கிடையாது. 2021ல் பைடன் காலத்துச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. யாராக இருந்தாலும் அளவுகோலாக வைத்திருக்கும் நடுத்தர ரகமான வெள்ளித் திட்டத்துக்குத் தன் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியதில்லை, மீதியை அரசு கட்டும் என்றது. 2022ல் இதை 2025 இறுதிவரை நீட்டித்தார்கள். அதற்கு மேலும் நீட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசின் செலவு மசோதாவுக்கு வாக்களிக்க மாட்டோம் என்று ஜனநாயகக் கட்சி பிடிவாதமாக நின்றது, முடியாது என்று குடியரசுக் கட்சி நின்றது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசாங்கம் முடங்கியது இதனால்தான். டிசம்பரில் செனட்டில் வாக்கெடுப்பு நடந்தது. 60 வாக்கு வேண்டிய இடத்தில் 51தான் கிடைத்தது. 2026 ஜனவரியிலிருந்து பழைய வரம்பு திரும்பிவிட்டது.

அந்த வரம்பு நடைமுறையில் என்ன செய்கிறது என்பதைச் சொன்னால்தான் கோபம் புரியும். அறுபது வயதில் ஒரு கணவன் மனைவி, சொந்தமாகக் கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் உள்ள குடும்பத்துக்கு 2026ஆம் ஆண்டுக்கான வரம்பு 84,600 டாலர். அவர்கள் வருமானம் 84,000 என்றால் வெள்ளித் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 8,400 டாலர் கட்டுவார்கள். அதே வருமானம் 85,000 ஆனால் சலுகை முழுவதும் போய்விடும். அந்த வயதில் இருவருக்கும் முழு விலை பல ஊர்களில் 30,000 டாலரைத் தொடுகிறது. 2025 வரை இருந்த விதிப்படி இதே குடும்பம் 7,225 டாலர் கட்டியிருக்கும். ஆயிரம் டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு இருபதாயிரம் டாலருக்கு மேல் தண்டம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதைப் பார்த்து நியாயம் என்று சொல்ல முடியாது.

இதைவிட மோசமான ஒன்று, பலருக்குத் தெரியாத ஒன்று, திருப்பிக் கட்டும் விதி. சலுகையை வருடத் தொடக்கத்தில் நாம் சொல்லும் உத்தேச வருமானத்தை வைத்து மாதாமாதம் கொடுப்பார்கள். வருடம் முடிந்து வரிக் கணக்கு போடும்போது உண்மையான வருமானத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்வார்கள். முன்பு வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் திருப்பிக் கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம் அதை நீக்கிவிட்டது. 2026 வருமானத்திலிருந்து, கூடுதலாகப் பெற்றது எவ்வளவோ அவ்வளவையும் திருப்ப வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருமானத்தைக் கணிப்பது சுலபம். டிரக் ஓட்டுபவர் டிசம்பரில் எத்தனை லோடு கிடைக்கும் என்று ஜனவரியில் எப்படிச் சொல்வார்?

இந்த நாட்டில் காப்பீடு ஏன் இப்படி வேலையோடு ஒட்டிக் கிடக்கிறது என்று கேட்பீர்கள். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ல், சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காத நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீடு தருகிறோம் என்று ஆள் பிடித்தன. 1954ல் அந்தக் காப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது என்று சட்டமே வந்தது. எல்லாருக்கும் அரசுக் காப்பீடு என்று அதிபர் ட்ரூமன் 1945ல் கேட்டபோது மருத்துவர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்து அதை வீழ்த்தியது. 1965ல் அதிபர் ஜான்சன் முதியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளில் சிலருக்கு மெடிகெய்ட் என்று இரண்டு அரசுக் காப்பீடுகளைக் கொண்டுவந்தார். பெரிய நிறுவனத்தில் வேலை இல்லாத, முதுமையும் எட்டாத, பரம ஏழையும் இல்லாத ஆள் மட்டும் நடுவில் விடுபட்டுப்போனார். 2010க்கு முன்னால் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னாலே பல மாநிலங்களில் அவருக்குத் தனிக் காப்பீடு தர மறுத்துவிடுவார்கள். அந்த மறுப்பை ஒழித்ததற்காக மட்டுமே ஒபாமாகேருக்கு நான் நன்றி சொல்வேன்.

இந்தச் சட்டத்தின் மூல யோசனை ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்ததுகூட இல்லை. எல்லாரும் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்ற கருத்தை 1989லேயே ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி அமைப்பு முன்வைத்தது. 2006ல் மாசசூசெட்ஸில் அதை நடைமுறைப்படுத்தியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. ஆனால் 2010ல் இறுதி வாக்கெடுப்பில் அந்தக் கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. 2017ல் சட்டத்தையே கலைக்கப் பார்த்தார்கள். அதே கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெய்ன் நள்ளிரவு தாண்டி வந்து கட்டைவிரலைக் கீழே காட்டினார், 49க்கு 51 என்று அது விழுந்தது. அந்த வருடக் கடைசியில் வந்த வரிச் சட்டம் காப்பீடு வாங்காதவர்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது.

எங்கள் டெக்சாஸ் கதை தனி. மெடிகெய்டை வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலே உள்ளவர்கள்வரை விரிவாக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஒரு பாதி. 2012ல் உச்ச நீதிமன்றம் அது மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. டெக்சாஸ் இன்றுவரை ஏற்கவில்லை. சந்தைச் சலுகை வறுமைக் கோட்டுக்கு மேலேதான் தொடங்கும். கோட்டுக்குக் கீழே இருக்கும், குழந்தை இல்லாத, உடல் ஊனம் இல்லாத ஒரு ஆளுக்கு இங்கே மெடிகெய்டும் கிடையாது, சலுகையும் கிடையாது. "இன்னும் கொஞ்சம் சம்பாதித்தால் உங்களுக்கு உதவி கிடைக்கும்" என்று ஒரு ஏழையிடம் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வருகிறது. நாட்டிலேயே காப்பீடு இல்லாதவர் விகிதம் மிக அதிகமாக இருக்கும் மாநிலம் இதுதான்.

சரி, குடியரசுக் கட்சியின் வாதத்துக்கு வருவோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சலுகைப் பணம் நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது, பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் வாங்குபவருக்கு வலிப்பதில்லை, அரசுக்குத்தான் வலிக்கிறது என்கிறார்கள். சரிதான். பிரீமியமே இல்லாத திட்டங்கள் வந்தபின், சில தரகர்கள் ஆட்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் காப்பீடு எடுத்து கமிஷன் வாங்கினார்கள், அதுவும் நடந்தது. நிரந்தரமாக நீட்டித்தால் பத்து வருடத்தில் 350 பில்லியன் டாலர் அளவுக்குச் செலவாகும் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே மதிப்பிட்டது. இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆனால் அவர்கள் காட்டிய மாற்று வழி தேறவில்லை. மானியத்துக்குப் பதில் ஆளுக்கு 1,000 டாலர், ஐம்பது வயதுக்கு மேல் 1,500 டாலர், மருத்துவச் செலவுக்கென வரியில்லாமல் சேர்க்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போடுகிறோம் என்று செனட்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். விலை குறைந்த வெண்கலத் திட்டங்களின் டிடக்டிபிள், அதாவது காப்பீடு கைகொடுக்கும் முன் நம் பையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, 7,000 டாலரைச் சுற்றி இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் 58 வயதுக்காரருக்கு 1,500 டாலர் எத்தனை மாதம் வரும்? அந்த மசோதாவும் 60 வாக்கு எட்டவில்லை.

ஜனநாயகக் கட்சி சொல்வதில் எனக்கு மிகவும் உடன்பாடான பகுதி இது: விலை ஏறினால் முதலில் விலகுவது உடம்பு நன்றாக இருக்கும் இளைஞர்கள். மிஞ்சுவது நோயாளிகள். அவர்களுக்கான செலவை வைத்து அடுத்த வருடப் பிரீமியம் இன்னும் ஏறும், இன்னும் சிலர் விலகுவார்கள். விலகியவர்களுக்கு நோயே வராது என்றில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி எமர்ஜென்சிக்கு வருபவரை மருத்துவமனை திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே சிகிச்சை நடக்கும், தாமதமாக நடக்கும், அந்தச் செலவு வேறு யார் பில்லிலாவது ஏறும். மானியத்தை வெட்டுவதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு இப்படி வேறு வழியில் செலவாகிவிடும். ஆனால் 2025 இறுதியில் முடியும் என்று தேதி போட்டதும் இதே கட்சிதான். நிரந்தரம் என்று எழுதினால் செலவுக் கணக்கு பெரிதாகத் தெரியும் என்று குறுகிய காலத்துக்கு எழுதினார்கள். அந்தக் கணக்குக்கான விலையை இப்போது கடைக்காரர்கள் கட்டுகிறார்கள்.

இரு தரப்பும் தொடாத இடம் சிகிச்சையின் விலை. ஒரே அறுவை சிகிச்சைக்கு மெடிகேர் கொடுப்பதைப் போல சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் தனியார் காப்பீடுகளிடம் மருத்துவமனைகள் வாங்குகின்றன. வேலை மூலம் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 2025ல் 26,993 டாலர். தொழிலாளி கட்டுவது அதில் நான்கில் ஒரு பங்குதான் என்பதால் மீதி அவர் கண்ணில் படுவதில்லை. ஆனால் அதுவும் அவர் சம்பளத்தில் சேர்ந்திருக்க வேண்டிய பணம்தான். விலையைக் குறைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்றால், ஒவ்வொரு டாலர் செலவும் இன்னொருவரின் வருமானம். பல சிறு ஊர்களில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பதே மருத்துவமனைதான். அதன் விலையில் கை வைக்கும் எம்பியை இரண்டு கட்சியிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். மருந்து விலையைப் பேரம் பேசும் அதிகாரமே மெடிகேருக்கு 2022ல்தான் கிடைத்தது. அதிலும் முதல் சுற்றில் பத்தே மருந்துகள், விலை அமலுக்கு வந்தது 2026ல்.

என்னைக் கேட்டால், வரம்பை மறுபடி எடுக்க வேண்டும். வருமானம் ஏற ஏறச் சலுகை படிப்படியாகக் குறையட்டும், ஒரே இடத்தில் அறுந்து விழக் கூடாது. மேல்தட்டில் எங்கோ ஓர் இடத்தில் அது முடியட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூடவே மருத்துவமனை விலைக்கு மெடிகேர் விலையை வைத்து ஓர் உச்சவரம்பு வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் செய்தால் பத்து வருடத்தில் மறுபடி இதே சண்டைதான்.

அப்புறம், இங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு இரண்டு செய்தி. பெற்றோருக்கு க்ரீன் கார்டு வாங்கி அழைத்து வந்தவர்கள் கவனியுங்கள். 65 தாண்டியிருந்தாலும் முதல் ஐந்து வருடம் அவர்களுக்கு மெடிகேர் கிடையாது, பிள்ளையின் அலுவலகக் காப்பீட்டிலும் பெரும்பாலும் சேர்க்க முடியாது. சந்தைதான் வழி. அவர்களை உங்கள் வரிக் கணக்கில் சார்ந்தவர்களாகக் காட்டினால் உங்கள் வருமானம்தான் கணக்கு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், பெற்றோர் என்று ஆறு பேர் குடும்பத்துக்கு 2026ஆம் ஆண்டுக்கான வரம்பு 172,600 டாலர். அதைத் தாண்டினால் பெற்றோர் இருவருக்கும் முழு விலை, மாதம் 2,500 டாலரைத் தாண்டுவது இப்போது சாதாரணம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு 2027 ஜனவரி முதல் இந்த வரிச் சலுகையே கிடையாது. கணவனின் நிறுவனத்தில் மனைவி, குழந்தைகளைச் சேர்க்க விலை அதிகம் என்று சந்தையில் வாங்கிய குடும்பங்கள் இப்போதே மாற்று வழி பார்க்க வேண்டும்.

வரம்புக்கு அருகில் இருப்பவர்கள் வருமானம் மாறிய மாதத்திலேயே சந்தைத் தளத்தில் திருத்திவிடுங்கள். 2026 முதல் சந்தையில் வாங்கும் எல்லா வெண்கலத் திட்டத்தோடும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் போடும் பணமும், பாரம்பரிய ஐஆர்ஏ என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் வரிக் கழிவு கிடைக்கும் பணமும் வரம்புக்கான வருமானத்தைக் குறைக்கும். இரண்டிலும் அடுத்த ஏப்ரல் 15 வரை போடலாம். வருடம் முடிந்தபின் 85,000 என்று தெரியவந்தாலும் 84,600க்குக் கீழே கொண்டுவர அதுவரை அவகாசம் உண்டு.