கனத்த எண்ணெயும் விடாத உப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கச்சா எண்ணெயில் இருக்கிற கொஞ்சம் உப்பை எடுக்க ரிஃபைனரியில் தனியாக டீசால்டர் என்று ஒரு பெரிய கலம் எதற்கு? அப்படியே காய்ச்சினால் என்ன ஆகும்? (பொறியியல் மாணவி)

காய்ச்சலாம், ஆனால் எண்ணெயை ஆவியாக்கிப் பிரிக்கும் டவர் தாங்காது. எண்ணெயில் உப்பு பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளுக்குள் கரைந்து கிடக்கிறது. அதில் சோடியம் குளோரைடுதான் அதிகம். அது சூட்டைக் கண்டு பெரிதாக அசைவதில்லை. வம்பு செய்வது மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள். உலைக்குப் போகும் வழியிலேயே நீராவியோடு சேர்ந்து உடைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மேலே, டவர் உச்சியில், ஆவி குளிர்ந்து முதல் சொட்டுத் தண்ணீர் உருவாகிற இடத்தில் இந்த வாயு கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தானே? குழாயும் கண்டென்சரும் அங்கேதான் ஓட்டையாகும். அதனால்தான் ஆயிரம் பீப்பாய்க்கு ஒரு பவுண்டு, அதாவது கன மீட்டருக்கு 3 கிராமுக்கும் சற்றுக் குறைவு, அதற்குமேல் உப்பு போகக்கூடாது என்று பல ஆலைகளில் இலக்கு வைக்கிறார்கள்.

கேள்வி: சார், எங்கள் யூனிட்டில் சமீபமாக 19 ஏபிஐ (இந்த எண் குறையக் குறைய எண்ணெய் கனம்) கனத்த குரூடு ஓட்டுகிறோம். டீசால்டரிலிருந்து வெளிவரும் எண்ணெயில் உப்பு 1 பிடிபி-யிலிருந்து (ஆயிரம் பீப்பாய்க்கு ஒரு பவுண்டு) 4-க்கு ஏறிவிட்டது, வெளிவரும் தண்ணீர் கறுப்பாக இருக்கிறது. எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கெமிக்கலான டீமல்சிஃபையர் அளவை இரட்டிப்பாக்கினோம். இரண்டு நாள் சரியாக இருந்தது, அப்புறம் முன்பைவிட மோசம். கெமிக்கல் கம்பெனியை மாற்றலாமா? (ஷிஃப்ட் இன்ஜினியர்)

மாற்றலாம், ஆனால் அது கடைசியில். கெமிக்கலைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது, ஏனென்றால் பம்ப் ஸ்ட்ரோக்கைத் திருப்பினால் போதும், வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

கணக்கை முதலில் பாருங்கள். 35 ஏபிஐ எண்ணெயின் அடர்த்தி 0.85, உங்கள் 19 ஏபிஐ-க்கு 0.94. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இருக்கிற எடை வித்தியாசம்தான் துளியைக் கீழே இழுக்கிறது, அது பாதிக்கும் கீழே போய்விட்டது. பாகுத்தன்மையோ பல மடங்கு ஏறியிருக்கும். துளியின் விட்டம் இரட்டித்தால் இறங்கும் வேகம் நான்கு மடங்காகும் என்பது நமக்குச் சாதகமான ஒரே விஷயம், டீசால்டருக்குள் எலெக்ட்ரோடுகள் உண்டாக்கும் மின்புலமும் கெமிக்கலும் செய்வது அதைத்தான், சின்னத் துளிகளைச் சேர்த்துப் பெரிதாக்குவது. ஆனால் அஸ்ஃபால்டீன் என்ற தார் போன்ற கனத்த மூலக்கூறுகளும் எண்ணெயில் இயல்பாகவே உள்ள நாஃப்தெனிக் அமிலமும் நுண்ணிய இரும்பு சல்ஃபைடும் களிமண்ணும் ஒவ்வொரு துளியைச் சுற்றியும் தோல் மாதிரி படிந்து நிற்கின்றன. டீமல்சிஃபையர் மூலக்கூறு அந்தத் தோலுக்குள் புகுந்து அவற்றை விலக்கினால்தான் இரண்டு துளிகள் ஒட்டும்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது, டீமல்சிஃபையரும் சோப்பு மாதிரி ஒரு பரப்பு இயங்கு பொருள்தான். தேவைக்கு மேல் போட்டால் தானே துளியைச் சுற்றி நின்று எமல்ஷனை (எண்ணெயும் தண்ணீரும் பிரியாத கலவையை) காப்பாற்ற ஆரம்பிக்கும், அல்லது எண்ணெயைத் தண்ணீருக்குள் இழுத்து வந்துவிடும். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்ததும் பிறகு கெட்டதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் பிரியாமல் சேர்ந்திருந்த அழுக்குப் படலம், ராக் (rag) லேயர், கொஞ்சம் கலைந்திருக்கும், மீண்டும் கட்டியிருக்கும். கலத்தின் வெவ்வேறு உயரத்தில் இருக்கும் ட்ரை (try) லைன் குழாய்களைத் திறந்து உயரவாரியாகச் சாம்பிள் எடுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பியர் ஏறுகிறதா பாருங்கள். லேயர் எலெக்ட்ரோடு பக்கம் ஏறினால் ஆம்பியர் காட்டிக் கொடுத்துவிடும்.

நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதலில் வெப்பநிலை, கனத்த எண்ணெய்க்கு 130 முதல் 145 டிகிரி வரை வேண்டும், 115-ல் ஓட்டிக்கொண்டு எந்தக் கெமிக்கலைப் போட்டும் பயனில்லை. 150-ஐத் தாண்டவும் கூடாது, எண்ணெயின் மின்கடத்தல் ஏறும், இன்சுலேட்டர் புஷிங்குகளுக்கும் ஆகாது. அடுத்து வாஷ் வாட்டர், அதாவது உப்பைக் கழுவ எண்ணெயில் கலக்கும் தண்ணீர், அதை 3 சதவீதத்தில் சேமித்தால் துளிகள் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது, 7, 8 வரை கொண்டு போங்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். வாயுக்களை நீக்கிய (ஸ்ட்ரிப் செய்த) ஆலைக் கழிவுநீரான சவர் வாட்டரில் அமோனியா மிச்சமிருந்து பிஹெச் 9-க்குப் போயிருந்தால் நாஃப்தெனிக் அமிலம் சோப்பாக மாறி நிற்கும், பிறகு எந்த டீமல்சிஃபையரும் திணறும். 6, 6.5 சுற்றி வைத்துப் பாருங்கள். தண்ணீரை எண்ணெயில் கலக்கும் மிக்ஸிங் வால்வின் அழுத்த வீழ்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். அதிகமாகக் கலக்கினால் பிரிக்கவே முடியாத அளவுக்குப் பொடித்துளிகளாகிவிடும்.

அப்புறம், ஸ்லாப், ஆலையில் அங்கங்கே சேரும் கழிவு எண்ணெய். பல இடங்களில் குற்றவாளி இதுதான், யாரும் சொல்ல மாட்டார்கள். அழுக்கும் பழைய கெமிக்கலும் நிறைந்த ஸ்லாப் எண்ணெயைக் குரூடு டாங்கில் திருப்பிவிட்டு, டீசால்டர் கெட்டுவிட்டது என்று அடுத்த ஷிஃப்ட்டிடம் சண்டை போடுவார்கள். அதேபோல லேசான பாரஃபின் குரூடோடு இதைக் கலந்திருந்தால் அஸ்ஃபால்டீன் கரைசலைவிட்டு வெளியே வந்துவிடும், அதற்கு டீமல்சிஃபையர் அல்ல, அஸ்ஃபால்டீன் ஸ்டெபிலைசர் வேண்டும். கறுப்புத் தண்ணீர் எண்ணெயால் கறுப்பா, மண்ணால் கறுப்பா என்பதையும் பிரித்துப் பாருங்கள். எண்ணெய் என்றால், தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ரிவர்ஸ் பிரேக்கர் கெமிக்கலைத் தண்ணீர்ப் பக்கம் போட வேண்டும். எண்ணெய் பூசிய துகள் என்றால் அதைத் தண்ணீர் நனைக்கும்படி மாற்றும் வெட்டிங் ஏஜெண்டும் கலத்தின் அடியில் படிந்த மண்ணைக் கழுவி எடுக்கும் ஒழுங்கான மட் வாஷும் வேண்டும்.

இதெல்லாம் பார்த்தபின்னும் 4 பிடிபி நின்றால், கம்பெனியைக் கூப்பிடுங்கள். எண்ணெயில் கரையும் கெமிக்கலை மிக்ஸிங் வால்வுக்கு முன்னால் போடாமல் குரூடு பம்பின் சக்‌ஷனிலேயே, முடிந்தால் டாங்கிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கனத்த எண்ணெயில் அது பரவ நேரம் வேண்டும்.

கேள்வி: வாஷ் வாட்டரில் அமிலம் சேர்க்கிறார்களாமே, அரிப்பைத் தடுக்கத்தானே உப்பை எடுக்கிறோம்?

நியாயமான சந்தேகம். சில கனத்த எண்ணெய்களில், சாட் நாட்டு டோபா குரூடு பெயர் பெற்ற உதாரணம், கால்சியம், நாஃப்தெனிக் அமிலத்தோடு சேர்ந்து நாஃப்தெனேட்டாக எண்ணெயிலேயே கரைந்திருக்கும். எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அசையாது. அசிட்டிக், சிட்ரிக், கிளைகாலிக் போன்ற அமிலம் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கித் தண்ணீருக்குள் கொண்டு வரும். கூடவே அமோனியா வகைப் பொருள்களான அமீன்களும் தண்ணீர்ப் பக்கம் வந்துவிடும், டவர் உச்சியில் அமீன் உப்பு படிவது குறையும். இலவசமாக இல்லை. சிட்ரிக் என்றால் கால்சியம் சிட்ரேட் வெளியேற்றக் குழாயில் படியலாம், அசிட்டிக் என்றால் கொஞ்சம் எண்ணெயோடு போய் மேலே அரிக்கலாம், எதைப் போட்டாலும் கழிவுநீர் ஆலைக்குச் சுமை கூடும்.

கேள்வி: டீசால்டருக்குப் பிறகு காஸ்டிக் சோடா செலுத்தினால் போதாதா?

துணைக்கு உண்டு, மாற்று இல்லை. மிச்ச மக்னீசியம் குளோரைடைச் சோடியம் குளோரைடாக மாற்றி அமில வாயுவைக் குறைக்கும். ஆனால் அந்தச் சோடியம் அடியில் தங்கும் கனத்த பகுதியோடு போய், அந்தப் பகுதியைச் சூட்டில் உடைக்கும் கோக்கர் யூனிட்டின் உலைக் குழாயில் கரி கட்டும், கேட்டலிஸ்டைக் கெடுக்கும்.

கேள்வி: எங்கள் டீமல்சிஃபையர் சப்ளையர், எண்ணெயையும் தண்ணீரையும் பாட்டிலில் குலுக்கிப் பிரியவிடும் பாட்டில் டெஸ்ட் காட்டி, 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) போதும் என்கிறார். நம்பலாமா?

சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலை 135 டிகிரிக்குக் கொண்டு போக முடியாது, தண்ணீர் கொதித்துவிடும். அதனால் கனத்த எண்ணெயில் அந்தச் சோதனை, கெமிக்கலின் வகையைத் தேர்ந்தெடுக்க உதவும், அளவைச் சொல்லாது. அழுத்தம் தாங்கும், மின்புலம் உள்ள சின்னச் சோதனைக் கருவியில், உங்கள் எண்ணெயும் உங்கள் வாஷ் வாட்டரும் வைத்து, புதிதாக எடுத்த சாம்பிளில் செய்து காட்டச் சொல்லுங்கள். பிளாண்டில் ட்ரையல் வைக்கும்போது ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதற்கு முன் டோஸிங் பம்ப் உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்று அளவுக் குழாயில் பிடித்துப் பாருங்கள், திரையில் 5 காட்டிக்கொண்டு லைனில் 2 போகிற பம்புகள் நிறைய உண்டு.