புல்தரை கேள்வி–பதில்: மாசியில் துளை போடலாமா?

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர், திருமங்கலம்): ஐயா, என் மைத்துனர் ஸ்காட்லாந்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்க்கிறார். குளிர் முடிந்து புல் பச்சை பிடிக்கிற நேரத்தில், நன்றாக இருக்கும் தரை முழுக்க மெஷினால் துளை போட்டு, மேலே மணலைக் கொட்டுகிறார்கள். வீடியோ அனுப்பியிருந்தார். எங்கள் பள்ளியின் கால்பந்து மைதானத்துக்கும் இப்போது மாசியில் இதைச் செய்யலாமா?

பதில்: துளை போடுங்கள் சார், மாசியில் மட்டும் வேண்டாம்.

கொடைக்கானலில் கோல்ஃப் மைதானத்துப் புல்லோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவன் நான். துளை போட்ட வாரம் ஆட வருகிறவர்கள் எங்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். பந்து நேராக உருளாது, இரண்டு வாரத்துக்கு முணுமுணுப்புதான். ஆனாலும் போட்டே ஆக வேண்டும். ஆள் நடந்து நடந்து மண் இறுகினால் வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. பழைய வேரும் தண்டும் மக்காமல் மெத்தையாகச் சேர்ந்துகொள்ளும். சுண்டுவிரல் பருமனில் மண்ணை உருவி எடுத்து, அந்தக் குழியில் மணலை நிரப்பினால் புது வேர் அதன் வழியாக இறங்கும்.

ஸ்காட்லாந்தில் இருப்பது குளிர்நாட்டுப் புல். அது 15 முதல் 24 டிகிரி வரையில் ஜோராக வளரும். குளிர்காலம் முழுக்கச் சோம்பிக் கிடந்துவிட்டு, மார்ச், ஏப்ரலில் மண் சூடேறும்போதுதான் வேர் விடும். காயம் சீக்கிரம் ஆறும் என்பதால்தான் அப்போது துளை போடுகிறார்கள். உங்கள் மைதானத்தில் இருப்பது பெரும்பாலும் அருகம்புல்லாக இருக்கும். அதற்கு 27 முதல் 35 டிகிரி வரை கொண்டாட்டம். ஆனால் வெயில் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். மாசியில் துளை போட்டால் பங்குனி, சித்திரை வெயிலில் குழிக்குள் வேர் காய்ந்துவிடும். ஆடி, ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்து புல் துளிர்க்கும்போது போடுங்கள். மாணவர்களுக்கும் அந்தப் பருவத்தில்தான் ஆட்டம் என்பீர்கள். பாதி மைதானத்தை இந்த மாதம், மீதியை அடுத்த மாதம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உங்கள் பக்கம் கரிசல் மண் என்றால் இன்னொரு சங்கதி. காய்ந்த கரிசலில் கடப்பாரையே எகிறும்; சேறாக இருக்கும்போது குத்தினால் குழியின் சுவர் மெழுகிப் போய் வேர் நுழையாது. ஒரு பிடி மண்ணை உருட்டி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். மெஷின் தேட வேண்டியதில்லை, நாலு பல் கார்டன் ஃபோர்க் போதும். நாலு அங்குல ஆழம், ஐந்தாறு அங்குல இடைவெளி. மைதானம் முழுக்கச் செய்ய ஆள் கிடைக்காவிட்டால் கோல் வாசல் இரண்டும், காலையில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் இடமும் முதலில். மணலைக் குழிக்குள் மட்டும் தள்ளுங்கள். களிமண்ணுக்கு மேல் மணல் தனிப் படலமாக நின்றால் தண்ணீர் கீழே இறங்கத் தயங்கும்.

இப்போதைக்கு மாசியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: புல் வெட்டும் மெஷினின் வெட்டு உயரத்தை ஏற்றி வையுங்கள். கோல்ஃப் கிரீனில், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையில், மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டுவார்கள் என்று உங்கள் மைத்துனர் சொல்லியிருப்பார். உங்களுக்கு இரண்டு அங்குலம் இருக்கட்டும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி (மேலூர்): வீட்டு லானுக்குக் கண்மாய் வண்டல் போட்டேன். இப்போது புல்லைவிடக் கோரைதான் அதிகம். என்ன மருந்து?

பதில்: வண்டலோடு கிழங்கும் வந்திருக்கும் அம்மா. கோரைக் கிழங்கு மண்ணுக்குள் சரம் கோத்த மாதிரி கிடக்கும். மேலே பிடுங்கினால் சரம் அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் லானும் சேர்ந்து கருகும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கோரை மொய்த்துப்போன இடத்தில் லானை மறந்துவிடுங்கள். பங்குனியில் தண்ணீரை நிறுத்தி, முக்கால் அடி கிளறி, கிழங்குகளை வெயிலில் போடுங்கள். ஈரம் வற்றினால் அது சாகும். மேலூர் வெயில் இதற்காவது உதவட்டும்! அங்கங்கே முளைத்த இடத்தில் ஈரமாக இருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுங்கள். தளிர் தலை காட்டினால் விடாதீர்கள், புதுக் கிழங்கு பிடிக்க நேரம் கொடுக்கக் கூடாது. அப்படியும் அடங்காவிட்டால், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் ஒரு செடியைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள். அடுத்த முறை வண்டல் எடுத்தால் சலித்து, கொஞ்ச நாள் குவித்து வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி (அழகர்கோவில் சாலை): மொட்டை மாடியில் கோல்ஃப் கிரீன் புல் வளர்க்கலாமா?

பதில்: டிஃப்ட்வார்ஃப் என்ற ரகம் கிடைத்தால் வளரும். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் கலப்பினம்தான் அது. ஆனால் சுழலும் உருளைக் கத்தி வைத்த ரீல் மூவர் மெஷினால் தினமும் வெட்ட வேண்டும், நாள் முழுக்க வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. கிரீனுக்கு அடியில் 30 சென்டிமீட்டர் மணலும் அதன் கீழே 10 சென்டிமீட்டர் சரளையும் போடுவார்கள். மாடி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் இன்ஜினியரைக் கேளுங்கள்.